ஒருங்கிணைந்த யோ-யோ தேர்வு

மாநிலக் கால்பந்து அணிக்கு ஆள் எடுக்கப்போகிறார்கள் என்ற செய்தி லீமாவுக்கு அண்டி ஆபீஸில் இருக்கும்போது வந்தது. முந்திரி ஆலைக்கு அந்தப் பக்கத்தில் அதுதான் பெயர். பருப்பின் மேல்தோலை உரித்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தவள், சூப்பர்வைசர் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து போனை எடுத்தாள். பேசியது நேசபாய் டீச்சர். பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பந்து விளையாடச் சொல்லிக்கொடுத்தவர்.

"பிள்ளே, இருபத்திமூணு வயசுக்குள்ள உள்ள பெண்கள் டீம். உனக்கு இருபத்திமூணு ஆக நாலு மாசம் கிடக்கு. இத விட்டா பின்னே இல்ல, கேட்டியா? யோ-யோ டெஸ்ட் உண்டாம். இண்ணைக்கே ஓடத் தொடங்கு."

லீமா அன்றைக்கே ஓடத் தொடங்கினாள். மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்தில் கடலோரம் வீடு. அப்பா சிலுவைமுத்து வலை கட்டும் கயிற்றால் மணலில் இருபது மீட்டர் அளந்து, இரண்டு முனையிலும் துடுப்பை நட்டுக் கொடுத்தார். போக இருபது மீட்டர், வர இருபது மீட்டர், பிறகு பத்து விநாடி மூச்சு வாங்கிக்கொள்ளலாம். மறுபடியும் ஓட வேண்டும். போனிலிருந்து பீப் என்று ஒலி வரும். அது வருவதற்குள் கோட்டைத் தொட வேண்டும். போகப் போக ஒலி விரைந்து வரும். இரண்டு தடவை பிந்தினால் கதை முடிந்தது. கயிற்றில் கட்டிய சக்கரம் போய்ப் போய் வருவது மாதிரி ஆள் போய்ப் போய் வருவதால் இதற்கு யோ-யோ தேர்வு என்று பெயர் வைத்திருந்தார்கள். உலகம் முழுக்கப் பந்து விளையாடுகிறவர்களின் தெம்பை இப்படித்தான் அளக்கிறார்கள். மணலில் ஓடி ஓடி லீமாவின் கெண்டைக்கால் கல் மாதிரி ஆகியிருந்தது.

நாகர்கோவிலில் இருந்த மாவட்ட உடற்றகுதி வாரியத்துக்கு இந்த விவரம் தெரியாது. அதை வாரியத்தின் குற்றமாகச் சொல்ல முடியாது. தலைமையகத்திலிருந்து வந்த சுற்றறிக்கைக்கு இரண்டு பக்கம். வாரியத்தின் பிரிண்டரில் முதல் பக்கத்தோடு மை தீர்ந்துவிட்டது. மை வாங்குவதற்கான கோப்பு இரண்டு வருடமாக நடப்பில் இருந்தது. எல்லா வீரர்களுக்கும் யோ-யோ தேர்வு கட்டாயம், தேறாதவர் யாராயிருந்தாலும் சேர்க்கலாகாது என்பது முதல் பக்கம். யோ-யோ தேர்வு என்றால் என்ன என்பது இரண்டாம் பக்கம்.

தேர்வு நாளன்று லீமா விடியற்காலையிலேயே பூட்ஸைத் துடைத்து மாட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் போனாள். மைதானத்தில் நூற்றுப்பன்னிரண்டு பேர் கூடியிருந்தார்கள். ஓட்டக்காரர்கள், குத்துச்சண்டைக்காரர்கள், பளு தூக்குகிறவர்கள், நீச்சல்காரர்கள், எல்லோரும் காலை உதறி உடம்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தார்கள். தரையில் கோடு எதையும் காணோம். ஷாமியானாவுக்குக் கீழே ஒரு மேஜை, மேஜையில் அட்டைப்பெட்டிகள். அவற்றுக்குள் சிவப்பிலும் பச்சையிலும் நீலத்திலும் விளையாட்டுச் சாமான் கடையில் தொங்குகிற யோ-யோக்கள். பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஆளுக்கு ஒன்று கொடுத்தார் குமாஸ்தா யேசுரத்தினம்.

லீமா அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். நினைவுப் பரிசு என்று எண்ணி, "தாங்க்ஸ் சார்" என்றாள்.

"திருப்பித் தரணும்" என்றார் யேசுரத்தினம்.

வாரியச் செயலர் தங்கப்பன் மைக்கைப் பிடித்தார். ஐம்பத்தேழு வயது, வெள்ளைச் சட்டை, பையில் மூன்று பேனா.

"இந்த வாரியத்துல முப்பத்தொரு வருஷமா இருக்கேன். இதுவரை ஒரு ஓட்டம் ஓடினதில்ல. ஒரு பந்தத் தொட்டதில்ல. அதனாலதான் எனக்கு எந்த விளையாட்டு மேலயும் பட்சபாதம் கெடயாது. இண்ணைக்கு நீங்க யோ-யோ தேர்வு எழுதப்போறீங்க. யோ-யோ நமக்கு என்ன சொல்லித்தருது? கீழ போவணும். பிறவு மேல வரணும். யாரு கையில கயிறு இருக்கோ அந்தக் கைக்கே வந்து சேரணும். என்னையும் ரெண்டு தடவை வேற மாவட்டத்துக்கு மாத்தினாவ. ரெண்டு தடவையும் நான் இந்த நாற்காலிக்கே திரும்பி வந்தேன். அதுக்குப் பேருதான் உடற்றகுதி."

ஷாமியானாவுக்குள் கைதட்டினார்கள். வெயிலில் நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நேசபாய் டீச்சர் மேஜைக்குப் போனார். லீமா பின்னாலேயே போனாள்.

"சார், யோ-யோ டெஸ்டுண்ணா ஓடுகதுல்லா?"

தங்கப்பன் டீச்சரைப் பரிதாபமாகப் பார்த்தார். "டீச்சர், ஓடுகதுக்கு ஓட்டப்பந்தயம்ணு தனியா ஒண்ணு உண்டு. இது யோ-யோ. சர்க்குலர்ல தெளிவாப் போட்டிருக்கு." அவர் முதல் பக்கத்தை எடுத்துக் காட்டினார். யோ-யோ என்று அதில் ஐந்து இடத்தில் இருந்தது. ஓட்டம் என்று ஓர் இடத்திலும் இல்லை.

நிபுணராக வந்திருந்தவன் சுபின். வாரியத் தலைவருக்குத் தங்கை மகன். துபாயில் போன் கடையில் இரண்டு வருடம் வேலை பார்த்தபோது, கூட்டம் இல்லாத நேரங்களில் யோ-யோ பழகி, அங்கே ஒரு மாலில் நடந்த போட்டியில் மூன்றாம் பரிசும் வாங்கியிருந்தான். ஒற்றை விரலுக்குக் கறுப்பு உறை போட்டிருந்தான். பையன் உண்மையிலேயே கெட்டிக்காரன். யோ-யோ விடுவதில் ஐந்து பாணி உண்டு என்று விளக்கினான். முதல் பாணியில் ஒரு யோ-யோவும் நீளக் கயிறும். இரண்டாவதில் இரண்டு கைக்கும் இரண்டு யோ-யோ, வட்டமாகச் சுழல வேண்டும். மூன்றாவதிலும் இரண்டு, ஆனால் கயிற்றால் பின்னல் போட வேண்டும். நான்காவதில் யோ-யோ கயிற்றில் கட்டியிருக்காது, தனியாகப் பறந்து வந்து கயிற்றில் உட்கார வேண்டும். ஐந்தாவதில் கயிறு விரலில் இருக்காது, மறுமுனையில் ஒரு சின்ன எடை இருக்கும்.

எந்த விளையாட்டுக்கு எந்தப் பாணி என்று வாரியம் மூன்று கூட்டம் போட்டு முடிவு செய்திருந்தது. குத்துச்சண்டைக்கு இரண்டாம் பாணி, இரண்டு கையும் வேண்டுமே. பளு தூக்குகிறவர்களுக்கு ஐந்தாம் பாணி, அதில்தான் எடை இருக்கிறது. ஒற்றை ஆளாக ஓடுகிறவர்களுக்கு முதல் பாணி. கால்பந்துக்கு நான்காம் பாணி, ஏனென்றால் பந்தும் காலில் கட்டியிருப்பதில்லை. நீச்சலுக்கு ஏன் மூன்றாம் பாணி என்று ஒருவர் கேட்டார். மீதி இருப்பது அதுதான் என்றார் தங்கப்பன்.

முதலில் பளு தூக்குகிற சிஜினைக் கூப்பிட்டார்கள். மாநில அளவில் வெண்கலம் வாங்கியவன். "இதுல எத்தன கிலோ?" என்று கேட்டான். பத்து கிராம் என்றான் சுபின். சிஜின் அதைத் தூக்கிய வேகத்தில் கயிறு அறுந்தது. யேசுரத்தினம் குறிப்பு எழுதினார்: அளவுக்கு மீறிய பலம், தகுதியில்லை. குண்டு எறிகிற ஒருத்தி விட்ட யோ-யோ மதிலைத் தாண்டிப் போனது, திரும்பி வரவில்லை. லீமாவின் அணியில் கோல்கீப்பராக நிற்கும் அபினா, யோ-யோ காற்றில் பறந்ததும் பழக்கதோஷத்தில் பாய்ந்து விழுந்து இரண்டு கையாலும் பிடித்துவிட்டாள். அருமையான பிடி. கயிற்றை மதிக்கவில்லை என்று எழுதினார்கள்.

லீமாவின் முறை வந்தது. கயிற்றை இரண்டு கையிலும் இழுத்துப் பிடித்துக்கொண்டு யோ-யோவை மேலே விட்டாள். அது கயிற்றில் பட்டுத் தெறித்துக் கீழே வந்தது. தரையைத் தொடுவதற்குள் அவளுடைய வலது பாதம் தானாகவே நீண்டு அதைத் தாங்கியது. பாதத்திலிருந்து முட்டிக்கு, முட்டியிலிருந்து இடது பாதத்துக்கு, அங்கிருந்து மறுபடி வலதுக்கு. ஏழு தட்டு தட்டி, எட்டாவதில் யோ-யோவைத் தன் கைக்கே ஏற்றிவிட்டாள். வெயிலில் நின்ற நூற்றுப்பதினோரு பேரும் கைதட்டினார்கள். சுபினும் தட்டினான். "இது துபாயிலயும் பாத்ததில்ல" என்றான்.

தங்கப்பன் பதிவேட்டை வாங்கித் தன் கையாலேயே எழுதினார்: கால் பயன்படுத்தப்பட்டது. தகுதி நீக்கம்.

"சார், நான் ஃபுட்பால் பிளேயர்" என்றாள் லீமா.

"அதுக்கு?" என்றார் தங்கப்பன்.

சாயங்காலம் முடிவு சொன்னார்கள். நூற்றுப்பன்னிரண்டு பேரில் ஒருவரும் தேறவில்லை. உள்ளூர் கேபிள் டிவிக்காரர் நீட்டிய மைக்கில் தங்கப்பன் நிதானமாகப் பேசினார். "ஒருத்தரும் பாசாவல்ல. நம்ம தேர்வு எவ்வளவு தரமானதுண்ணு இதுலேருந்தே தெரியும். போன வருஷம் பதினாலு பேரு பாசானாவ. அப்பம் தரம் கொறவு."

வீட்டில் சிலுவைமுத்து மீன்குழம்பை இறக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தார். மகளுடைய முகத்தைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது.

"ஓட முடியல்லியா மக்களே?"

"ஓடவே விடல்லப்பா."

அவள் யோ-யோவை எடுத்துத் தரையில் வைத்தாள். தேறாதவர்களிடமிருந்து திரும்ப வாங்குவதற்கான படிவம் இன்னும் அச்சாகவில்லை என்று யேசுரத்தினம் அதை அவளிடமே விட்டிருந்தார். சிலுவைமுத்து அதைப் புரட்டிப் பார்த்தார். கடலில் காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்து எந்தப் பக்கம் மீன் இருக்கும் என்று சொல்லக்கூடிய ஆள், அந்தப் பிளாஸ்டிக் சக்கரத்துக்குள் என்ன இருக்கிறது என்று விளங்காமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ பந்து களிச்ச ஏழு வருசத்த இது வச்சா அளந்தாவ?" என்றார்.

பஸ்ஸில் லீமா அடக்கிவைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது. அப்பா சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

நேசபாய் டீச்சர் விடுகிற ஆள் இல்லை. திருநெல்வேலியில் வேலை பார்க்கும் ஒரு சிநேகிதியிடமிருந்து சுற்றறிக்கையின் இரண்டாம் பக்கத்தை வாங்கினார். லீமாவைக் கூட்டிக்கொண்டு வாரியத்துக்குப் போய், தங்கப்பனின் மேஜையில் அதை வைத்தார். இருபது மீட்டர், கோடு, பீப், பத்து விநாடி, எல்லாம் படத்தோடு இருந்தது.

தங்கப்பன் வாசித்தார்.

"இந்தப் பக்கம் எங்களுக்கு வரல்ல."

"அதான் கொண்டு வந்திருக்கோம் சார்."

"வராத பக்கத்த நான் எப்பிடி அமல்படுத்த? நீங்க கொண்டுவந்தா அது உங்க பக்கம். தலைமையகம் அனுப்பினாத்தான் அது வாரியத்துக்க பக்கம்."

"அப்பம் தலைமையகத்துல கேளுங்க."

"கேட்டா, முதல்ல ஏன் கேக்கல்லண்ணு கேப்பாவ."

டீச்சர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "பிள்ளைக்கு நாலு மாசம்தான் உண்டு சார். தலைமையகத்துக்கு நானே எழுதப்போறேன்."

அந்தச் சொல் வேலை செய்தது. தங்கப்பனின் குரல் இளகியது. "மக்களே, நீ ஒண்ணும் கவலப்படாண்டாம். ஓட்டம் மட்டும்தான் வைப்போம். பாத்துக்கிடலாம், போ" என்றார். லீமா படி இறங்கும்போது மாதாவை நினைத்துக்கொண்டாள்.

எட்டு நாள் கழித்து ஆணை வந்தது. முன்பு நடந்த தேர்வில் பிழை எதுவும் இல்லை என்று அது தொடங்கியது. பிழை இல்லாவிட்டாலும், வீரர்களின் நலன் கருதி, "ஒருங்கிணைந்த யோ-யோ தேர்வு" நடத்தப்படும். வீரர்கள் பீப் ஒலிக்கேற்ப நாற்பது மீட்டர் ஓடி வர வேண்டும். பின்பு கிடைக்கும் பத்து விநாடியில் யோ-யோவை ஒருமுறை இறக்கி ஏற்ற வேண்டும். ஓட்டத்தில் பிந்தினாலும், யோ-யோ கைக்குத் திரும்பாவிட்டாலும் பிழை. இரண்டு பிழைக்கு வெளியேற்றம். நடுவில் ஒலியை நிறுத்தினால் தேர்வு முழுவதும் செல்லாது, எல்லோருக்கும் மறுபடி நடத்த வேண்டும். ஏழாவது விதி அலுவலர்களுக்கானது: கடைசி வீரர் முடிக்கும்வரை யாரும் மைதானத்தை விட்டு நீங்கவோ உணவருந்தவோ கூடாது. தனக்குக் கீழே வேலை பார்ப்பவர்கள் மதியமே நழுவிப் போவதைத் தடுக்க, தங்கப்பன் சொந்தமாகச் சிந்தித்துச் சேர்த்த விதி அது.

"ஓட்டம் மட்டும்ணு சொன்னாரே டீச்சர்" என்றாள் லீமா போனில்.

"வாயால சொன்னது வாயோட போச்சு. இனி எது சொன்னாலும் எழுத்துல வாங்கணும். அந்த யோ-யோவக் கையில வச்சுப் பழகு."

பழகினாள். அண்டி ஆபீஸில் சாப்பாட்டு நேரம் அரை மணி. சோற்றுப் பாத்திரத்தை மூடிவைத்துவிட்டு யோ-யோவை இறக்கி ஏற்றினாள். பக்கத்தில் இருந்து பருப்பு உரிக்கும் பெபிஷா பார்த்துக்கொண்டே இருப்பாள்.

"ஏட்டி, இத நல்லாப் பண்ணினா பந்து களிக்க எடுப்பாவளா?"

"ஆமா."

"அப்பம் பந்து நல்லாக் களிச்சா என்னத்துக்கு எடுப்பாவ?"

"தெரியல்ல. கிளார்க் வேலைக்கு எடுப்பாவளா இருக்கும்."

பருப்பு உடையாமல் தோலை மட்டும் கழற்றத் தெரிந்த விரல்களுக்கு யோ-யோ பெரிய காரியமில்லை. ஒரே வாரத்தில் கண்ணை மூடிக்கொண்டு செய்தாள்.

இரண்டாவது தேர்வுக்குத் தங்கப்பன் கேபிள் டிவிக்காரரை வரச்சொல்லியிருந்தார், முழுவதையும் படம்பிடிக்க வேண்டும் என்று. அன்று மூன்று மணிக்கு அவருக்குக் கருங்கல்லில் ஒரு விழா இருந்தது. ஒரு சங்கத்தார் அவருக்கு "உடற்றகுதிச் செம்மல்" என்று பட்டம் கொடுத்துப் பொன்னாடை போர்த்துகிறார்கள். ஷாமியானாவுக்குள் பிரியாணிப் பொட்டலங்கள் வந்து அடுக்கியாயிற்று.

பீப் ஒலிக்கு யேசுரத்தினத்தின் போனை ஒலிபெருக்கியோடு இணைத்திருந்தார்கள். அவர் கண்டெடுத்த பதிவில் இலவசமாகக் கிடைத்தது முதல் இரண்டு நிமிடம் மட்டும். அதையே திரும்பத் திரும்பப் பாடும்படி அமைத்துவிட்டார்.

அணி அணியாக ஓடவிட்டார்கள். எல்லோருக்கும் ஓட்டம் எளிதாக இருந்தது, யோ-யோ காலை வாரியது. ஓடி வந்த கை நடுங்கும், கயிறு முறுக்கிக்கொள்ளும், சக்கரம் கீழேயே தொங்கும். "பிழை" என்பான் சுபின் வருத்தத்தோடு. சிஜின் இரண்டாவது கயிற்றையும் அறுத்தான். அபினா ஒன்பது ஓட்டம் தாக்குப்பிடித்தாள். பதினொன்றரைக்குக் கடைசி அணி இறங்கியது. லீமா அதில் இருந்தாள். பன்னிரண்டு மணிக்கு அவள் மட்டும்தான் மிச்சம்.

அவள் காதைத் தீட்டிக்கொண்டு ஓடினாள். இதோ ஒலி விரைவாகப்போகிறது, இதோ விரைவாகப்போகிறது என்று ஒவ்வொரு சுற்றிலும் எதிர்பார்த்தாள். ஆகவில்லை. மணலில் தான் ஓடிப் பழகியதில் பாதி வேகம்கூட இது இல்லை. ஐம்பதாவது ஓட்டத்தில் அவளுக்கு விஷயம் பிடிபட்டது. இந்த பீப் இனிமேல் வேகமாகப்போவதில்லை. பத்து விநாடி நின்றாள், யோ-யோ இறங்கி ஏறியது, ஓடினாள். கோட்டருகே நேசபாய் டீச்சர் நின்றிருந்தார். கடக்கும்போது அவர் சன்னமாகச் சொன்னார்: "நிக்காத."

ஒரு மணி ஆனது. பிரியாணி மணம் மைதானத்தில் பரவி, பிறகு ஆறிப்போனது. அலுவலர்கள் ஏழாவது விதியை எடுத்து வாசித்துப் பார்த்தார்கள். அதில் ஓட்டை எதுவும் இல்லை. ஒன்றரைக்குத் தங்கப்பன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"வேய், அந்த போன ஆஃப் பண்ணும்."

யேசுரத்தினம் எழுந்து நின்றார். "ஆஃப் பண்ணினா செல்லாது சார். நூற்றுப்பன்னிரண்டு பேருக்கும் மறுபடி நடத்தணும். உங்க ஆணைதான்."

"சார்ஜ் எவ்வளவு இருக்கு?"

"ஜெனரேட்டர்ல சொருகியிருக்கேன் சார். தடங்கல் வரக்கூடாதுல்லா."

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. தங்கப்பன் கோட்டருகே வந்தார்.

"மக்களே, போதும். நீ பாசாயாச்சு. நில்லு."

"பீப் நிக்கல்லியே சார்" என்று சொல்லிவிட்டு லீமா போனாள். போய்த் திரும்பி வந்தாள். யோ-யோவை இறக்கி ஏற்றினாள்.

"நான்தான செயலரு. நான் சொல்லுகேன், பாசு."

"எழுத்துல தாங்க சார்."

அவளுக்கு உச்சந்தலை கொதித்தது. பாதத்தில் கொப்புளம் உடைந்து சாக்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தது. கெண்டைக்கால் இரண்டு தடவை இழுத்துப் பிடித்து விட்டது. நின்றால் தேறவில்லை என்று எழுதிவிடுவார்கள் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. ஓடினாள்.

தங்கப்பன் ஷாமியானாவில் உட்கார்ந்து ஒரு முழுத்தாளில் எழுதினார். இரண்டு மணிக்குக் கொண்டுவந்தார். "கையெழுத்துப் போடு."

"வாசிச்சுக் காட்டுங்க சார்."

"மேற்காண் பொருள் குறித்து, பார்வை ஒன்று முதல் நான்கு வரையிலான கடிதங்களின்படி, மாவட்ட உடற்றகுதி வாரியத்தால் நடத்தப்பட்ட ஒருங்கிணைந்த யோ-யோ தேர்வில்..."

பீப் வந்தது. லீமா புறப்பட்டாள். தங்கப்பனுக்கு மூன்று மணி விழா மட்டும்தான் நினைவில் இருந்தது. தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு அவளோடு ஓடினார்.

"...கலந்துகொண்ட, சிலுவைமுத்து என்பவரின் மகளான லீமா என்பவர்..."

கோட்டைத் தொட்டுத் திரும்பினார்கள். பேனாக்களில் ஒன்று விழுந்தது.

"...வாரியத்தின் விதி மூன்று, ஐந்து, ஏழு ஆகியவற்றுக்கு உட்பட்டும், இனி வெளியிடப்படக்கூடிய விதிகளுக்கு உட்பட்டும்..."

பத்து விநாடி. அவர் முட்டியில் கையூன்றி நின்று மூச்சு வாங்கினார், வாசிக்கக் குரல் வரவில்லை. மறுபடி பீப். மறுபடி ஓட்டம்.

"...தம் சொந்த விருப்பத்தின்பேரில்... ஓட்டத்தை... நிறுத்திக்கொள்ளும் நிலையில்... அன்னாரைத்... தகுதி பெற்றவராக..."

லீமா கூடவே ஓடியபடி அடுத்த சொல்லுக்குக் காத்திருந்தாள். தமிழில் சேதி கடைசிச் சொல்லில்தான் இருக்கிறது. கருதப்படுவார் என்றும் வரலாம், கருதப்படமாட்டார் என்றும் வரலாம். மூன்றாவது ஓட்டத்தின் பாதியில் தங்கப்பன் அந்தச் சொல்லுக்கு வந்து சேராமலே புல்லில் உட்கார்ந்து, பிறகு மெல்லச் சாய்ந்தார். ஒருவர் தண்ணீர் கொண்டு ஓடினார். சுபின் தன் கறுப்பு உறையைக் கழற்றிவிட்டு அவருக்கு விசிறினான்.

தாளை எடுத்தது யேசுரத்தினம். கோட்டருகே நின்று, லீமா திரும்பி வரும்வரை காத்திருந்து, மிச்சத்தை வாசித்தார்: "...கருதுவது குறித்துப் பின்னர் பரிசீலிக்கப்படும்."

லீமா யோ-யோவை இறக்கினாள், ஏற்றினாள், ஓடினாள்.

அப்போதுதான் தங்கப்பன் படுத்த வாக்கிலேயே கையைத் தூக்கினார். "அந்தப் பிள்ளைக்கு என்ன வேணுமோ அத எழுதிக்குடும் வேய்."

யேசுரத்தினம் புதுத் தாளில் எழுதினார்: லீமா தேறினார். இரண்டே சொல். தங்கப்பன் படுத்தபடியே கையெழுத்துப் போட்டார், முத்திரை விழுந்தது. நேசபாய் டீச்சர் வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை என்று உறுதிசெய்துகொண்டு தலையை அசைத்தார். லீமா நின்றாள். நின்ற பிறகுதான் கால் நடுங்கத் தொடங்கியது. முந்நூற்று அறுபத்தெட்டு ஓட்டம் என்று பதிவேட்டில் இருந்தது. அபினா வந்து அவளைத் தாங்கிப் பிடித்து நிழலுக்குக் கூட்டிப்போனாள்.

யேசுரத்தினம் ஒழுங்கான குமாஸ்தா. ஓட்டப் படிவத்தில் "கோட்டைக் கடந்தவர் பெயர்" என்று ஒரு பத்தி இருந்தது. யார் கோட்டைக் கடந்தாலும் எழுத வேண்டும் என்பது விதி. கடைசி அணி எந்தப் பிரிவோ அந்தப் பிரிவின் படிவத்தில் அவர் எழுத வேண்டியதை எழுதி, தலைமையகத்துக்கு அனுப்பினார்.

மூன்று வாரம் கழித்து லீமாவை அலுவலகத்துக்கு வரச்சொன்னார்கள். தங்கப்பனின் மேஜை முன்னால் அவள் நின்றுகொண்டிருக்கும்போது யேசுரத்தினம் தபால் உறையைப் பிரித்தார். உள்ளே மூன்று கடிதங்கள். முதலாவது, மற்ற நூற்றுப்பதினோரு பேருக்கும் திருநெல்வேலி அலுவலர்கள் வந்து தேர்வு நடத்துவார்கள், குமரி வாரியம் மைதானத்தைத் திறந்துவிட்டால் மட்டும் போதும் என்றது. இரண்டாவது, லீமா பத்தாம் தேதி சென்னைப் பயிற்சி முகாமில் சேர வேண்டும் என்றது. அவள் அதை வாங்கி, கடைசிச் சொல்லை முதலில் பார்த்தாள். "சேரவும்" என்று இருந்தது.

மூன்றாவது கடிதம் தங்கப்பனுக்கு. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாய்விட்டு வாசிக்கத் தொடங்கினார்.

"செல்வி தங்கப்பன் அவர்களுக்கு. இருபத்துமூன்று வயதுக்கு உட்பட்ட பெண்கள் கால்பந்து அணிக்கான தேர்வில் தாங்கள் கலந்துகொண்டமைக்கு நன்றி. தாங்கள் இரண்டு ஓட்டம் மட்டுமே நிறைவு செய்துள்ளதாலும், யோ-யோ கொண்டுவராததாலும்..." இந்த இடத்தில் குரல் நின்றது. மிச்சத்தை மனதுக்குள் வாசித்தார். மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார். மேஜைக்கு இந்தப் பக்கம் நின்ற லீமா கடைசி வரியைத் தலைகீழாகவே வாசித்துவிட்டாள். யேசுரத்தினம் ஜன்னலைப் பார்த்தார்.

தங்கப்பன் கடிதத்தை மடித்தார். முப்பத்தொரு வருடப் பழக்கம் அவரைக் கைவிடவில்லை.

"இதுக்கு மேல்முறையீடு செய்ய எத்தன நாளு உண்டு?"

"முப்பது நாள் சார்."

"ஃபைல் போடும்."

லீமா வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நேசபாய் டீச்சர் குடையோடு நின்றிருந்தார். அவளைப் பார்த்ததும் இரண்டு எட்டு முன்னால் வந்தார்.

"என்ன பிள்ளே, கிட்டிச்சா?"

"எனக்குக் கிட்டிச்சு டீச்சர்" என்றாள் லீமா. "சாருக்குத்தான் கிட்டல்ல. நல்லாப் பயிற்சி எடுத்துட்டு அடுத்த வருசம் வரச் சொல்லியிருக்காவ."